மாதத்தின் சிறந்த பொறுமைசாலி

மூத்திரப்பைக்கு வயது தெரியும் என்று நம்புகிற சிகிச்சை மையம் ஒன்று இருந்தது. நம்பியதோடு விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த நம்பிக்கைக்கு ஆறு மாடிக் கட்டடம் எழுப்பி, வாசலுக்குக் கண்ணாடிக் கதவும் போட்டுவிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஆளுயர எழுத்தில் ஒரு வாசகம் கண்ணில் படும்: ‘இளமையில் தசை துடிக்கும், முதுமையில் தசை துவளும்.’ கீழே இயக்குநரின் கையெழுத்து, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக.

வாசகத்தின் பொருள் இதுதான். ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மூத்திரப்பையின் தசை வேண்டாத நேரத்திலெல்லாம் சுருங்கும். அதனால் அவர்கள் கழிப்பறைக்கு ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஐம்பதுக்கு மேல் அதே தசை சோம்பிப் போகும். அதனால் அவர்கள் மூத்திரம் வராமல் உட்கார்ந்தே இருப்பார்கள். இயக்குநர் இளவயதில் செய்த ஆராய்ச்சியில் கண்டுபிடித்த விதி இது. அவரிடம் வந்த இளைஞர்கள் எல்லாரும் வேகமாக நடந்து வந்தார்களாம், கிழவர்கள் மெதுவாக நடந்து வந்தார்களாம். அதைப் பார்த்ததிலேயே ஆராய்ச்சி பாதி முடிந்துவிட்டது என்று பழைய ஊழியர்கள் சொல்வார்கள். சிரிக்காமல்தான் சொல்வார்கள், வேலை முக்கியம் இல்லையா.

கூடத்தின் தரையில் நடுவாக ஒரு மஞ்சள் கோடு. இடப்பக்கம் இளையோர் பிரிவுக்குப் போகிற வழி, வலப்பக்கம் முதியோர் பிரிவுக்கு. கோட்டின் மேலேயே ஒரு நாற்காலி போட்டு, அதில் ஒரு பெரியவரை உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு அடிக்கடி அவசரமாகவும் வரும், ஓடிப் போய் நின்றால் முழுதாக இறங்கவும் இறங்காது. தசை துடிக்கவும் செய்கிறது, துவளவும் செய்கிறது. விதியில் இப்படிப்பட்ட ஆளுக்கு இடமில்லை. எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவாகிறவரைக்கும் கோட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவரும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

இந்த மையத்துக்குத்தான் உச்சாணி வந்து சேர்ந்தாள், கூடவே அவள் மாமியாரும்.

உச்சாணி என்பது வேலையிடத்தில் வைத்த பெயர். டவர் கிரேன் ஓட்டுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? வயது முப்பத்து மூன்று. புருஷன் லாரிக்காரன், வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போவான். மேலே அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, கொக்கியில் கம்பிக் கட்டைத் தூக்கி, மாடியில் நிற்கிறவன் கைக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் வராமல் இறக்கி வைப்பாள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். தரையில் யார் யாரை ஏசினாலும் அங்கே எட்டாது, வாக்கி டாக்கியை மட்டும் அணைத்துவைக்க முடிந்தால்.

மேலே இல்லாதது கழிப்பறை. ஏணியில் இறங்கி மறுபடி ஏறுவதற்குள் கீழே கம்பி கட்டுகிறவர், கான்கிரீட் போடுகிறவர் எல்லாரும் கைகட்டி நிற்பார்கள். மேலாளர் வாக்கி டாக்கியில், “என்னம்மா, மகாராணி இப்பவே இறங்கணுமா?” என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்பார். ஆண்கள் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். அவளுக்கு அந்த வசதி இல்லை. தண்ணீர் குடிப்பதை விட்டாள், பிறகு அடக்கப் பழகினாள், வருடக்கணக்காக அடக்கினாள். முதலில் வந்ததை அடக்கினாள்; பிறகு வருவதே தெரியாமல் போயிற்று; கடைசியில் வரச்சொல்லிக் கெஞ்சினாலும் வரவில்லை.

ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். அடிவயிறு கல்லாக இருந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு இறக்கினார்கள். ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, பை காலியாகாமல் தேங்கித் தேங்கி இரண்டு சிறுநீரகமும் வீங்க ஆரம்பித்திருக்கிறது, இப்படியே விட்டால் கெட்டுப்போகும், பெரிய மையத்துக்குப் போ என்று அனுப்பினார்கள். மேலாளரும், “மையத்துல ‘தகுதி’ன்னு எழுதி வாங்கிட்டு வா. உன் கிரேன் எங்கயும் ஓடிடாது,” என்று சொல்லிவிட்டு, மறுநாளே தன் மச்சானை அதில் ஏற்றி உட்கார வைத்தார். மச்சான் முதல் தூக்கிலேயே கம்பிக் கட்டை மேலாளரின் கார்மேல் இறக்கினான். காரை அங்கே நிறுத்திய டிரைவருக்குத் திட்டு விழுந்தது.

ஆக, உச்சாணிக்கு வேண்டியது பையைக் காலி செய்ய ஒரு வழி. அது கிடைத்தால் சிறுநீரகம் தப்பும், கிரேனும் திரும்பக் கிடைக்கும். இதைக் கேட்கத்தான் கவுண்டரில் போய் நின்றாள்.

“வயசு?” என்றார் கவுண்டர்க்காரர், தலையைத் தூக்காமல்.

“முப்பத்து மூணு.”

“இளையோர். அடிக்கடி வருது, அவசரமா வருது, போறதுக்குள்ள கொஞ்சம் போயிடுது. அதானே?”

“இல்லைங்க. எனக்கு வரவே மாட்டேங்குது. முக்கி முக்கிப் பார்த்தா சொட்டு சொட்டா வருது, அப்புறம் நின்னுடுது.”

கவுண்டர்க்காரர் இப்போது தலையைத் தூக்கினார். “வயசு என்ன சொன்னீங்க?”

“முப்பத்து மூணு.”

“அப்ப வரும்,” என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினார். “வரலைங்கற கட்டம் ஐம்பதுக்கு மேலதான் திறக்கும்மா. நான் என்ன பண்ண? கூட வந்தவங்க யாரு?”

“எங்க அத்தை. துணைக்கு வந்தாங்க.”

“ஐம்பது தாண்டினவங்க கார்டு இல்லாம உள்ள வரக்கூடாது. அம்மா, வயசு?”

“அறுபத்தாறு,” என்றாள் மாமியார், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே.

“முதியோர். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் வர மாட்டேங்குது. அதானே?”

“வரலையா? இந்த வரிசை நகர்றதுக்குள்ள மூணு வாட்டி ஓடிட்டு வந்துட்டேன்ப்பா. சீக்கிரம் எழுது, இல்லாட்டி உன் கவுண்டருக்குத்தான் அசிங்கம்.”

கவுண்டர்க்காரர் ‘வரவில்லை’ என்று எழுதி கார்டைக் கொடுத்தார். மாமியார் அதை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

உச்சாணியைத் தங்க வைத்த இளையோர் பிரிவு மூன்றாவது மாடி. இளையோரை லிப்டில் ஏற்றுவது கிடையாது, இளைஞர்களுக்கு எதற்கு லிப்ட். துடிக்கிற தசையை அடக்கிப் பழக்க வேண்டும் என்பதால் கழிப்பறையை நீண்ட வராந்தாவின் கடைசியில் கொண்டுபோய் வைத்து, பூட்டி, சாவியைப் பயிற்சியாளரின் இடுப்பில் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குப் பொறுமை வராந்தா என்று பெயர். கண்ணில் ஈரம் படக்கூடாது என்று சுவரெல்லாம் பாலைவனப் படம். காலையிலும் மாலையிலும் தசையைத் தூங்க வைக்கிற மஞ்சள் மாத்திரை. உச்சாணியின் தசை ஏற்கெனவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் அதே மாத்திரைதான்.

மாமியாரைத் தங்க வைத்த முதியோர் பிரிவு தரைத்தளம். அங்கே துவண்ட தசையை எழுப்ப வேண்டுமாம். எல்லாக் குழாயும் எப்போதும் திறந்தே இருக்கும். கூடத்தின் நடுவில் ஒரு செயற்கை ஊற்று. சுவரில் அருவி. ஒலிபெருக்கியில் நாள் முழுக்க மழைச்சத்தம். இதெல்லாம் போதாதென்று தசையைத் தட்டியெழுப்ப ஒரு வெள்ளை மாத்திரை. மாமியார் உள்ளே கால் வைத்ததும் கழிப்பறைக்கு ஓடினாள். வெளியே வந்தாள், மழைச்சத்தம் கேட்டது, வந்த வழியே திரும்பினாள். நிஜமாகவே வராமல் தவித்த கிழவர்கள் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

மூன்றாவது மாடியில் தினமும் பொறுமைப் பயிற்சி நடந்தது. பயிற்சியாளர் கழுத்தில் விசில் தொங்கும். எல்லாருக்கும் வயிறு முட்டத் தண்ணீர் கொடுத்து வட்டமாக உட்கார வைப்பார். முதலில் எழுந்து ஓடுகிறவருக்குத் தோல்வி, கடைசிவரை உட்கார்ந்திருப்பவருக்குக் கைதட்டல். கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் காலைப் பின்னுவார், ஒருத்தர் பல்லைக் கடிப்பார், ஒருத்தர் சாவி சாவி என்று அலறுவார். உச்சாணி மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். எல்லாரும் போய் வந்து, அடுத்த வேளைத் தண்ணீரையும் குடித்து, அடுத்த ஓட்டமும் ஓடி முடித்த பிறகும் அவள் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

“பாருங்க! இவங்ககிட்ட கத்துக்கோங்க!” என்று பயிற்சியாளர் விசில் ஊதினார்.

“சார், நான் அடக்கல. எனக்கு வரவே இல்ல. வயிறு வலிக்குது சார்.”

“வலிக்கத்தான் செய்யும். வலியைத் தாங்கிட்டு சிரிக்கறவங்கதான் ஜெயிப்பாங்க.”

“நான் சிரிக்கல சார்.”

“அடுத்த வாரம் சிரிப்பீங்க,” என்று அவளைத் தட்டிக்கொடுத்தார்.

மாதக் கடைசியில் பரிசளிப்பு விழா. இயக்குநர் வந்தார். வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் அவருடைய விதியே பொறித்த பேனா. அவரை உட்கார வைக்க மூன்று பேர், அவர் தண்ணீர் குடிக்கும்போது தம்ளரைப் பிடிக்க ஒருவர். இளையோர் பிரிவின் பரிசுக் கோப்பை பித்தளையில் செய்த மூடிய தண்ணீர்க்குழாய். அடிப்பலகையில் ‘மாதத்தின் சிறந்த பொறுமைசாலி’ என்று செதுக்கியிருக்கும். முதியோர் பிரிவின் பரிசு திறந்த குழாய், ‘மாதத்தின் வற்றாத ஊற்று.’

“அன்பான நோயாளிகளே,” என்று ஆரம்பித்தார் இயக்குநர். “இந்தப் பெண்ணைப் பாருங்கள். இங்கே வந்தபோது இவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஓடினார் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்களுக்கு வயது தெரிந்தால் போதும். இன்று இவர் ஓடவே இல்லை! அதேபோல இந்த அம்மையாரைப் பாருங்கள். உட்காரவே இல்லை! இது யாருடைய வெற்றி? என்னுடைய வெற்றி என்று நானே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் துணை இயக்குநரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.”

துணை இயக்குநர் எழுந்து சொன்னார்.

உச்சாணி மூடிய குழாயை வாங்கிக்கொண்டாள். திறந்த குழாயைக் கொடுக்க மாமியாரைத் தேடினார்கள். அவள் ஓடியிருந்தாள். கழிப்பறை வாசலிலேயே வைத்துக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

“ஒரே வீட்டுக்கு ரெண்டு கப்பு,” என்றார் மஞ்சள் கோட்டின்மேல் இருந்த பெரியவர், நாற்காலியிலிருந்தபடியே. “குடுத்து வச்சவங்க. என்னைய ஆட்டத்துலயே சேர்க்கல.”

விழா முடிந்து உச்சாணி படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தது ஒரே ஒரு ஆள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த சின்ன டாக்டரம்மா. அவள் உச்சாணியின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், முகம் மாறியது. கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு, முக்கி முடித்து வந்த பிறகு ஸ்கேன் அறையில் படுக்க வைத்தாள். போய்விட்டு வந்த பிறகும் பை முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்தது.

ஸ்கேன்காரர் திரையைப் பார்த்தார், உச்சாணியின் கார்டைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். “இந்த வயசுக்கு இவ்வளவு மிச்சம் இருக்காது மேடம். மிஷினுக்கு என்னவோ ஆயிடுச்சு,” என்று மிஷினை அணைத்து ரிப்பேருக்கு அனுப்பினார். அடுத்த மிஷினும் அதையே காட்டியது. அதுவும் ரிப்பேருக்குப் போயிற்று. மூன்றாவது மிஷின் உச்சாணியைத் தொடுவதற்கு முன்பே அதையும் எதற்கும் இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். மையத்தில் அன்றைக்கு நோயாளிகளைவிட மிஷின்களுக்குத்தான் கவனிப்பு அதிகம்.

சின்ன டாக்டரம்மா நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். உச்சாணியையும் கையோடு கூட்டிப் போனாள்.

“சார், தசை சரியா சுருங்காம போறது எந்த வயசுலயும் வரும். வயசானவங்களுக்கு முதுமை, அடைப்பு, சர்க்கரை, சாப்பிடற மாத்திரைன்னு பல காரணம் சேர்ந்து வரும். அவங்கள்ல நிறைய பேருக்கு அவசரமும் வருது, சில பேருக்கு ரெண்டும் சேர்ந்தே வருது. கோட்டு மேல உட்கார்ந்திருக்காரே, அவர் மாதிரி. இளவயசுல தசை வேலை செய்யலைன்னா நரம்புல கோளாறா, வருஷக்கணக்கா அடக்கினதாலயான்னு தேடணும். இவங்க கிரேன் ஓட்டறவங்க சார். நாம ‘ஏன்’னே கேட்கல. கேட்காம மாத்திரை குடுத்து மிச்சத்தையும் தூங்க வைக்கிறோம்.”

இயக்குநர் பேனாவை மூடினார். “நீ எப்பம்மா படிச்சு முடிச்ச?”

“போன வருஷம் சார்.”

“நான் இந்த விதியைக் கண்டுபிடிச்சப்ப நீ பிறக்கவே இல்ல. பிறக்காதவங்க சொல்றதை வச்சு நான் எப்படி முடிவெடுக்க முடியும்? சரி, வாதத்துக்கு வச்சுப்போம், விதி தப்புன்னே வை. தப்பான விதியைக் கண்டுபிடிச்சவனை இயக்குநர் ஆக்குவாங்களா? ஆக்க மாட்டாங்க. என்னை ஆக்கியிருக்காங்க. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் உனக்கு?”

“சார், எனக்குக் குழாய் விட்டு இறக்கினா போதும் சார்,” என்றாள் உச்சாணி. “முன்ன ஒரு ஆஸ்பத்திரியில அப்படித்தான் செஞ்சாங்க. நல்லா இருந்துச்சு.”

இயக்குநர் அவளைப் பாசத்தோடு பார்த்தார். “கப்பு வாங்கின பிள்ளை நீ. குழாய் கேட்கலாமா? குழாய் ஐம்பதுக்கு மேல. மத்தவங்க என்ன நினைப்பாங்க?”

மறுநாள் சின்ன டாக்டரம்மாவைப் பொறுமைப் பயிற்சியில் கைதட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். அவள் தட்டுகிற தட்டில் விசிலே கேட்கவில்லை என்று பயிற்சியாளர் புகார் எழுதினார்.

அந்த வாரமே உச்சாணிக்குக் குளிர்சுரம் வந்தது. முதுகு இரண்டு பக்கமும் வலித்தது, கைகால் வீங்கியது. அப்போதும் பயிற்சியில் அவள்தான் முதல். எழுந்திருக்கத் தெம்பில்லாதவள் எப்படி ஓடுவாள்? பயிற்சியாளர் அடுத்த மாதக் கோப்பையையும் அவள் பெயருக்கே எழுதி வைத்தார்.

கீழே இருந்த மாமியாருக்குச் செய்தி எட்டியது. அவள் மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். முதியோர் கோட்டைத் தாண்டினால் மணி அடிக்கும். மணி அடித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று மாடி ஏறி, நடுவில் ஒரு முறை சாவியைப் பிடுங்கிக்கொண்டு பொறுமை வராந்தாவில் ஓடிவிட்டு வந்து, இரண்டு கோப்பையையும் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக் கதவை உதைத்தாள். உள்ளே இயக்குநர், துணை இயக்குநர், கட்டடப் பொறியாளர் மூன்று பேரும் புது ஊற்றுக்கு என்ன நிற விளக்குப் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா, என் மருமகளுக்கு உள்ள போனது வெளிய வரல. எனக்கு உள்ள எதுவும் நிக்கல. ஒரு வீட்டுல ரெண்டு பேர், ரெண்டு பேரையும் தலைகீழா வச்சிருக்கீங்க. அவளைக் கீழ அனுப்புங்க, என்னை மேல அனுப்புங்க. அவ்வளவுதான் வைத்தியம். அந்தப் பொண்ணு செத்துக்கித்துப் போச்சுன்னா இந்தக் குழாயாலயே உங்க மண்டையை உடைப்பேன்.”

“அம்மா, உணர்ச்சிவசப்படக்கூடாது,” என்றார் இயக்குநர். “உங்க வயசுல தசை துவண்டிருக்கும். உங்களுக்கு அவசரமே வராது.”

“வருதுய்யா. இப்பவே வருது. இங்கயே காட்டவா?”

இயக்குநர் தரைவிரிப்பைப் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து வந்த விரிப்பு. அறிவியல் அந்த இடத்தில்தான் கொஞ்சம் அசைந்து கொடுத்தது. மாமியாரை உள்ளறைக் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு அவசரக் கூட்டம் போட்டார்கள்.

“விதியைத் திருத்திடலாமா சார்?” என்று துணை இயக்குநர் மெல்லக் கேட்டார்.

கட்டடப் பொறியாளர் பதறிவிட்டார். “விதியைத் திருத்தினா சுவரெழுத்தை எடுக்கணும். அது கருங்கல்லுல செதுக்கினது. மேல தண்ணிக்குழாய் இழுக்கணும், கீழ இருக்கறதை மூடணும், வராந்தாவை இடிக்கணும். கட்டடமே போன வருஷம்தான் திறந்தோம். வயசைத் திருத்த ஒரு பேனா போதும் சார்.”

இயக்குநர் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்தார். முகத்தில் பழைய களை திரும்பிவிட்டது.

“இதைத்தான் நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிட்டு வரேன்,” என்றார். “விதி தப்பாது. துவண்ட தசை இருந்தா அவங்க முதியோர். துடிக்கிற தசை இருந்தா அவங்க இளையோர். நோயாளிங்கதான் தங்களோட வயசைத் தப்பாச் சொல்லிடறாங்க. பிறந்த தேதியை நம்பி நாம ஏமாந்துட்டோம்.”

அன்றைக்கே வயது சீர்செய் குழு பிறந்தது. மூன்று பேரும் அதில் உறுப்பினர். உச்சாணிக்கு எழுபத்தொன்று என்று முடிவு செய்தார்கள். மாமியாருக்கு இருபத்தெட்டு. மஞ்சள் கோட்டுப் பெரியவரின் கார்டு வந்தபோது நெடுநேரம் யோசித்துவிட்டு, ‘வயது: நிலுவையில்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

எழுபத்தொன்றானதும் உச்சாணிக்கு எல்லாக் கதவும் திறந்தது. லிப்டில் இறக்கினார்கள். ஸ்டோரிலிருந்து குழாய் வந்தது. நர்ஸ் குழாய் விட்டதும் பை காலியாகத் தொடங்கியது, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. உச்சாணி கூரையைப் பார்த்தபடி அழுதாள். வலியில் அழவில்லை, வயிறு தன்னுடையதாகத் திரும்பி வந்ததில் அழுதாள். சுரத்துக்கு மருந்து ஏறியது, வீக்கம் வடிந்தது. மெல்லிய குழாயைக் கை கழுவிவிட்டுத் தானே எப்படி விட்டுக்கொள்வது, எத்தனை மணிக்கொரு தடவை காலி செய்வது என்று நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். கை நடுங்காமல் கம்பிக் கட்டை இறக்கிப் பழகியவளுக்கு அது சீக்கிரமே வந்துவிட்டது. மேலே மூன்றாவது மாடியில் இருபத்தெட்டு வயது மாமியார் மஞ்சள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பல வருடத்துக்குப் பிறகு ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினாள்.

ஒரே கட்டடத்தில் இருந்த மருந்து மூன்று மாடி தாண்டி வர இவ்வளவு பாடு. இயக்குநர் அடுத்த மாநாட்டில் இரண்டு பேர் படத்தையும் திரையில் காட்டி, விதி ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிவிட்டது என்று பேசினாராம். எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது உச்சாணியின் கையில் ‘தகுதி’ என்று சீல் போட்ட சான்றிதழைக் கொடுத்தார்கள். அவள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. மாமியாரையும் துணிப்பையையும் இழுத்துக்கொண்டு நேரே கட்டுமான இடத்துக்குப் போனாள்.

தகரக் கொட்டகையில் மேலாளர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தகுதின்னு போட்டிருக்கு. சந்தோஷம். ஆனா வயசு எழுபத்தொண்ணுன்னு இருக்கேம்மா.”

“அது அவங்க போட்ட வயசு சார். என் மூஞ்சியைப் பாருங்க.”

“மூஞ்சியில சீல் இல்லையே. இதுல இருக்கு. அறுபது தாண்டினவங்களை கிரேன்ல ஏத்தினா நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது? போய் வயசைத் திருத்தி வாங்கிட்டு வா, பார்க்கலாம்.”

உச்சாணி அங்கேயே மையத்துக்கு போன் போட்டாள். அதே கவுண்டர்க்காரர்தான் எடுத்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

“திருத்தலாமே,” என்றார் அவர் ரொம்ப மரியாதையாக. “முப்பத்து மூணுன்னு மாத்தினா இளையோர் பிரிவுக்கு வந்துடுவீங்க. மாசா மாசம் வாங்கற குழாய் நின்னுடும். மஞ்சள் மாத்திரை குடுப்போம். மாத்திடட்டுமா பாட்டி?”

உச்சாணி போனை வைத்தாள். எழுபத்தொன்றில் சிறுநீரகம் இருக்கிறது, கிரேன் இல்லை. முப்பத்து மூன்றில் கிரேன் இருக்கிறது, சிறுநீரகம் இருக்காது. ஒரு பேனா கிறுக்கியதில் தன் பிழைப்பு போய்விட்டதை நினைக்க அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் வந்தது.

மாமியார் தன் கார்டை எடுத்து மேஜைமேல் போட்டாள். “எனக்கு இருபத்தெட்டுன்னு எழுதியிருக்கான். இதுக்கும் சீல் இருக்கு, பார்த்துக்க.”

மேலாளர் சிரித்தார். “சீலைப் பார்த்தா உங்களைத்தான் ஏத்தணும் போலிருக்கே.”

மாமியார் சிரிக்கவில்லை. கொட்டகை வாசலில் நின்று கிரேனை அண்ணாந்து பார்த்தாள். “மேல கக்கூஸ் இருக்கா?”

“அங்க எப்படிம்மா இருக்கும்?”

“அப்ப ஏறின கொஞ்ச நாள்லயே எனக்கும் எழுபத்தொண்ணு ஆயிடும்.”

மேஜைமேல் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. மேலேயிருந்து மச்சானின் குரல், கெஞ்சலாக: “மாமா, பாட்டிலை மறந்து கீழயே வச்சுட்டேன். ஒரு நிமிஷம் இறங்கிட்டு வந்துடட்டா?”

“இப்பவா? அத்தனை பேர் கைகட்டி நிக்கறது தெரியல? அடக்கிக்கிட்டு வேலையைப் பாருடா,” என்று மேலாளர் கத்திவிட்டு அதை அணைத்தார்.

உச்சாணி துணிப்பையைத் திறந்தாள். மூடிய பித்தளைக் குழாயை எடுத்து, தன் சான்றிதழுக்கு மேலே நிறுத்தி வைத்தாள்.

“இது அவருக்கு சார். குடுத்துடுங்க. அந்த சீட்டுல உட்கார்ந்துதான் நானும் இதை வாங்கினேன்.”

மேலாளர் கோப்பையைக் கையில் எடுத்தார். கனமாக இருந்தது. அடிப்பலகையில் செதுக்கியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். “‘மாதத்தின் சிறந்த பொறுமைசாலி.’ அட, நல்லாயிருக்கே!” என்று கிரேனை நிமிர்ந்து பார்த்தார். “இதை நம்ம சைட்லயும் மாசா மாசம் குடுக்கலாமே.”